ஒரு சொட்டும் வீணாகாத ஆம்புலன்ஸ்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் இரண்டு. இரண்டும் ஓடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த அறிக்கையில் இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

ஒன்றை ஓட்டியவனுக்குப் புயல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பளப் பட்டியலோடு சரி. நான் அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற உதவியாள். ஆக்சிஜன் மாட்டுவது, ரத்தம் வந்தால் அழுத்திப் பிடிப்பது, கூட வரும் சொந்தக்காரர்கள் நோயாளிக்கு முந்தி மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் என் வேலை. புயல் ஓட்டினால் இத்தனையையும் ஒரு கையால்தான் செய்ய முடியும். இன்னொரு கை மேலே கம்பியைத் தொற்றிக்கொண்டிருக்கும். வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டியிருக்கிறேன். ஆனால் அதுவரைக்கும் அவன் ஏற்றியவர்கள் யாரும் வழியில் செத்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருஷம் புயலுக்கு இருந்தது ஒரே கவலை, அவன் தங்கச்சி. ஊரைத் தாண்டி, ரயில்வே கேட்டைக் கடந்து, ஒரு பெரிய மேடு ஏறி இறங்கினால் கல்குவாரி வரும். அங்கே அவள் புருஷனுக்கு வேலை. முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை தங்கவில்லை. அவளை மட்டும் புயல் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தான். இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். முன்கூட்டியே வந்து படுத்துக்கொள்ள வார்டில் கட்டில் கிடையாது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"வலி எடுத்த உடனே இங்க இருக்கணும். இன்னும் கொஞ்சம் பாப்போம்னு வீட்ல உக்காரக் கூடாது. லேட்டாச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"நான் இருக்கேன்ல டாக்டர்" என்றான் புயல். தங்கச்சி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு என்ன பயம் இருக்க முடியும்?

அப்போதுதான் வாரியம் வந்தது.

எரிபொருள் சிக்கனத் தொழில்நுட்ப மதிப்பீட்டு வாரியம் என்பது முழுப்பெயர். அதை மூச்சு விடாமல் சொல்ல அவர்களுடைய வாசல் காவலாளி ஒருவரால்தான் முடியும். வண்டிகளில் டீசலை மிச்சம் பிடிக்கச் சந்தைக்கு வருகிற புதுப்புதுக் கருவிகளை எல்லாம் ஒரு வண்டியில் மாட்டி, ஓட்டிப் பார்த்து, எது எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று சொல்வது அவர்கள் பிழைப்பு. அதற்கு அவர்களுக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. சாதாரண வண்டி ஆகாதாம். தொடர்ந்து மோசமாக ஓட்டப்படுகிற வண்டியாக இருக்க வேண்டுமாம். எங்கள் கண்காணிப்பாளர் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு கையைத் தூக்கினார்.

தொடக்க விழாவில் வாரியத் தலைவர் பேசினார். நல்ல குரல்.

"ஆம்புலன்ஸ்னா என்ன? அவசரம். அவசரம்னா என்ன? திடீர்னு கிளம்பறது, திடீர்னு நிக்கறது. அதாவது டீசலைக் கொண்டுபோய் ரோட்ல கொட்டறது. ஒரு உயிரைக் காப்பாத்தப் போறோம்ங்கற எண்ணம் வந்துட்டா டிரைவருக்குக் கால் கனத்துப்போகுது. இந்த எண்ணத்தைத்தான் நாம முதல்ல கவனிக்கணும்."

எல்லாரும் கை தட்டினோம். புயலும் தட்டினான். என்ன சொன்னார் என்று பிறகு என்னிடம் கேட்டான். எனக்கும் விளங்கவில்லை என்றேன்.

மறுநாள் மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லியாக, மரியாதையாகப் பேசுகிற மனிதர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். புயலின் வண்டிக்கு "ஆய்வு வாகனம்" என்று எழுதி ஒட்டினார். இன்னொரு ஆம்புலன்ஸை ஷெட்டுக்குள் தள்ளி, கதவைப் பூட்டி, பூட்டுக்கு அரக்குச் சீல் வைத்து, "ஒப்பீட்டு வாகனம்" என்று எழுதினார்.

"சார், அது நல்ல வண்டி சார்" என்றான் புயல். "ஓடிட்டு இருக்கட்டுமே."

"நல்ல வண்டிங்கறதாலதான் ஒப்பீட்டுக்கு எடுத்தோம். ஓடினா தேஞ்சிடும். தேஞ்ச வண்டியோட எப்படி ஒப்பிடறது?"

"அப்ப என் வண்டி ஓடறதை எதோட ஒப்பிடுவீங்க?"

"அது நிக்கறதோட."

புயல் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தான். படித்தவர்கள், யோசிக்காமலா செய்வார்கள் என்று நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அன்றைக்கு நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு வண்டியில் வேலை ஆரம்பித்தார்கள். கூரையில் சுழல்கிற சிவப்பு விளக்கு காற்றைத் தடுக்கிறது என்று முதலில் அதைக் கழற்றினார்கள். பாரம் குறைய வேண்டும் என்று மாற்றுச் சக்கரம் போனது, இரண்டாவது ஆக்சிஜன் சிலிண்டர் போனது, ஸ்ட்ரெச்சர் மெத்தை போனது. உருளும்போது உராய்வு குறையும் என்று கட்டை மாதிரி ஒரு டயர் வந்தது. அதில் போனால் ரோட்டில் கிடக்கும் குச்சி கூட முதுகெலும்பில் தெரியும். வண்டி நின்றால் இஞ்சின் தானாக அணைந்துகொள்ளும், கிளட்ச்சை மிதித்தால் தானாகக் கிளம்பும் என்று ஒரு கருவி. பிரேக் போடும்போது மட்டும் பேட்டரிக்குக் கரண்ட் ஏறட்டும், மற்ற நேரம் இஞ்சினுக்கு எதற்கு அந்தச் சுமை என்று இன்னொன்று. நாற்பத்தைந்துக்கு மேல் போகாமல் ஒரு பூட்டு. அழுத்தினால் காலைத் திருப்பித் தள்ளுகிற ஆக்சிலேட்டர்.

கடைசியாக, ஓட்டுகிறவனுக்குப் புத்தி சொல்ல ஒரு பேசும் பெட்டி வைத்தார்கள். அதில் ஒரு பெண்குரல், வங்கியில் வரிசை எண் கூப்பிடுகிற குரல் மாதிரி. புயல் முதல் நாள் நெஞ்சு வலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு காலை அழுத்தினான். அந்த அம்மாள் அமைதியாகச் சொன்னாள்: "நீங்கள் அவசரப்படுகிறீர்கள்."

பின்னால் படுத்திருந்த மனிதர், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று பயந்து, "இல்லைங்க, நான் மெதுவாவே வர்றேன்" என்றார்.

இந்தக் கருவிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டும்போதே ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று மதிப்பீட்டாளர் எழுதி வைத்திருந்தார். மாதக் கூட்டத்தில் தலைவர் அத்தனை எண்ணையும் வரிசையாகக் கூட்டினார். நூற்றுப் பத்து வந்தது. பிறகு கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

"அப்ப வண்டி டீசல் குடிக்காது" என்றார் கண்காணிப்பாளர், நெஞ்சில் கை வைத்து.

"குடிக்காதது மட்டுமில்ல" என்றார் தலைவர். "கொஞ்சம் கொடுக்கவும் செய்யும்."

மறுநாளிலிருந்து எங்களுக்கு டீசல் கிடையாது. புயல் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினான். "டேங்க் காலி சார்" என்றான்.

"காலியா இருக்கறதுக்குத்தானேப்பா இவ்வளவு பாடுபட்டது."

"வண்டி ஓடாது சார்."

"நூத்துப் பத்து. நானா சொல்றேன்? வாரியம் சொல்லுது. உன் வண்டி மட்டும் ஏன் ஒத்துழைக்க மாட்டேங்குது? நீ எப்படி ஓட்டறேன்னு பாரு."

போதாக்குறைக்கு, வாரத்துக்கு ஒரு முறை உபரி டீசலை வாரியத்தில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வேறு. என்ன செய்வது? எங்கள் கைக்காசில் கேன்களில் டீசல் வாங்கி வண்டிக்கு ஊற்றினோம். அதிலேயே ஒரு பாட்டில் எடுத்து வைத்து, உபரி என்று சொல்லி, கும்பிடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த பாட்டிலை அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார்கள். கொடுக்காவிட்டால் டீசலைத் திருடிவிட்டோம் என்று வேலை போகும். கொடுத்தால் அவர்கள் கணக்கு சரி என்று ஆகும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

தங்கச்சிக்கு நாள் நெருங்கியது. புயலுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு தலைவரைப் பார்க்கப் போனான். அறையில் அந்த பாட்டில் இருந்தது. தலைவர் எங்களை உட்காரச் சொன்னார்.

"சார், என் தங்கச்சிக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ. போன தடவையே சாகப் பொழைக்கக் கிடந்தா. மேடு ஏறி வரணும். இந்த வண்டி மேட்ல திணறுது சார். அந்த ஷெட்ல நிக்கற வண்டியை ஒரே ஒரு தடவை திறந்து விடுங்க. கால்ல விழறேன் சார்."

தலைவர் நிஜமாகவே உருகிப்போனார். எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சி மாதிரி. அதனாலதான் சொல்றேன், ஆய்வு வண்டியிலயே கூட்டிட்டு வாங்க. இதுவரைக்கும் நாம ஒரு பிரசவம் பாக்கல. யோசிச்சுப் பாருங்க. ஏறறது ரெண்டு உயிர், ஓடறது ஒரு வண்டி. ஆளுக்கு ஆகற செலவு அப்படியே பாதி." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "எத்தனை கிலோ இருப்பாங்க?"

புயல் எழுந்தான். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வலி ஒரு மத்தியானம் வந்தது. அவன் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், போனில் அழுதான். "மச்சான், தண்ணிக் குடம் உடைஞ்சிருச்சு, ரத்தமும் வருது. சீக்கிரம் வாங்க."

புயல் முதலில் ஓடியது ஷெட்டுக்குத்தான். பூட்டு. சீல். ஷெட் காவலாளி கையை விரித்தார். "சாவி வாரியத்துல இருக்குப்பா. எல்லாரும் கருத்தரங்குக்குப் போயிருக்காங்க." கதவு இடுக்கில் பார்த்தால் அந்த வண்டி துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளபளவென்று நின்றது. புயல் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை இரண்டு போடு போட்டான். "உடைச்சாலும் சாவி இல்லாம எப்படி ஓட்டுவே?" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வேறு வழியில்லாமல் ஆய்வு வாகனத்தில் ஏறினோம்.

போகும் வழியெல்லாம் அந்த அம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். நீங்கள் அவசரப்படுகிறீர்கள். காலைத் தளர்த்துங்கள். மேட்டில் வண்டி முக்கியது. சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு போன ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டே எங்களோடு கொஞ்ச தூரம் பேசிக்கொண்டு வந்தார். புயல் ஸ்டியரிங்கைக் குத்தினான்.

தங்கச்சியை ஏற்றும்போதே சேலை நனைந்திருந்தது. மெத்தை இல்லாத ஸ்ட்ரெச்சரில் வீட்டுப் போர்வையை விரித்துப் படுக்க வைத்தோம். இருந்த ஒரு சிலிண்டரை மாட்டினேன். அவள் கையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டான். மேட்டில் ஏறும்போது அவள் கண் திறந்தாள்.

"அண்ணே, எப்பவும் பறப்பியே. இன்னிக்கு என்ன இவ்வளவு நிதானம்?"

"வந்துட்டோம்டா. இதோ வந்துட்டோம்" என்றான் புயல். பெட்டியிலிருந்து அந்த அம்மாள், நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்றாள். அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல எனக்கு இருந்தது. என் இரண்டு கையும் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. இஞ்சின் தானாக அணைந்தது. ரயில் போயிற்று, கேட் திறந்தது, புயல் கிளட்ச்சை மிதித்தான். கிளம்பவில்லை. பிரேக் போட்டால்தான் பேட்டரிக்குக் கரண்ட் ஏறும். அவசரத்தில் போனவன் எங்கே பிரேக் போட்டான்? சாவியைத் திருகினான், டிக் டிக் என்றது. புயல் இறங்கி ரோட்டில் நின்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டான். மாப்பிள்ளை இறங்கினான், லாரிக்காரர் இறங்கினார், ஸ்கூட்டரில் வந்த ஒரு ஆசிரியை புடவையைச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தார். தள்ளினார்கள், நின்றது. மறுபடி தள்ளினார்கள்.

இஞ்சின் பிடித்துக்கொண்டபோது வெளியே எல்லாரும் சந்தோஷமாகக் கத்தினார்கள். உள்ளே நான் மட்டும் இருந்தேன். அவள் கை என் மடியில் இருந்தது. கொஞ்ச நேரமாகவே அதில் நாடி இல்லை. வயிற்றில் இருந்ததும் அவளோடு போய்விட்டது.

"புயல்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு முன்னால் பார்த்தான். அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் ஓட்டியதைப் போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒரு குலுக்கல் இல்லை. பள்ளம் வருவதற்கு வெகு முன்பே காலை எடுத்து, தானாக உருளவிட்டு, தொட்டிலை ஆட்டுவது போல இறக்கி ஏற்றினான். பின்னால் மாப்பிள்ளை அவள் காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தான். அந்த அம்மாள் பேசாமல் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில்தான் வாய் திறந்தாள்: "நன்றி. மிகச் சிறப்பாக ஓட்டினீர்கள்."

காரியம் முடிந்து புயல் வேலைக்குத் திரும்பிய அன்று வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. துக்கம் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தான்.

சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தார்கள். வண்டி குடிக்கிற டீசலை அளக்க உள்ளே வைத்திருந்த கருவி எழுதிய கோடு. குவாரிக்குப் போகும்போதும் வரும்போதும் கோடு பைத்தியம் பிடித்தது போல மேலும் கீழும் குதித்தது. ரயில்வே கேட்டுக்குப் பிறகு அது படுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் நேராகப் போயிற்று.

"இத்தனை மாசத்துல இப்படி ஒரு மைலேஜ் எங்கயும் வந்ததில்ல" என்றார் தலைவர். அவர் கண் கலங்கியிருந்தது. "அதே வண்டி. அதே ஆளுங்க. அதே எடை. கேட்டைத் தாண்டினதும் என்ன பண்ணீங்க? எந்தத் தொழில்நுட்பம்?"

புயல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதுக்கப்புறம் அவசரம் இல்ல சார்" என்றான். "என் தங்கச்சி செத்துட்டா."

மதிப்பீட்டாளர் தலை குனிந்தார். அவருக்காவது உறைத்தது என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

தலைவர் மெல்ல எழுந்தார். "உங்க இழப்பு பெரிசு. அதைவிடப் பெரிசு நீங்க நமக்குக் காட்டியிருக்கற வழி. இவ்வளவு நாளா டயரையும் பேட்டரியையும் பாத்துட்டு இருந்தோம். நூத்துப் பத்து மிச்சம் பிடிச்சும் டீசல் எங்க போகுதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. நோயாளிக்கு உயிர் இருக்கற வரைக்கும் வண்டி குடிச்சுக்கிட்டேதான் இருக்கும்." சற்று நிறுத்தினார். "இதைத் தப்பா எடுத்துக்காதீங்க. யாரையும் சாகச் சொல்லல. அழைப்பு வந்த உடனே ஓடாம கொஞ்சம் பொறுக்கலாம்னு சொல்றேன். அப்புறமும் தேவை இருந்தா போவோம். இல்லன்னா அன்னிக்கு மாதிரி நிதானமா போவோம்."

கண்காணிப்பாளர் எல்லாருக்கும் முன்னால் கை தட்டினார். அதற்கு "பொறுமைக் காலம்" என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு நேரம் பொறுத்தால் மைலேஜ் நன்றாக வருகிறது என்று மதிப்பீட்டாளர் வண்டியிலேயே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

"விட்டுட்டுப் போயிடலாம்டா. லாரி ஓட்டிப் பொழைச்சுக்கலாம்" என்று அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னேன்.

"நான் போனா வேற ஒருத்தன் வருவான். அவன் இவங்க சொல்றதை அப்படியே கேப்பான்" என்றான் புயல்.

பொறுமைக் காலத்தின் முதல் நாள் காலை. மதிப்பீட்டாளர் முன் இருக்கையில் புயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டிச் சாவி அவர் சட்டைப் பையில். நான் பின்னால். போன் அடித்தது. புயல் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ஆம்புலன்ஸா? எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்குதுங்க. வேர்த்து ஊத்துது. மார்க்கெட்டுக்குப் பின்னாடி, மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு." கூப்பிடு தூரம்தான். வண்டியில் இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

புயல் கையை நீட்டினான். "சாவி குடுங்க சார்."

"பொறுங்க" என்றார் மதிப்பீட்டாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"சார், பக்கத்துலதான் சார்."

"பக்கத்துலதான் இருக்காங்க, எங்கயும் போயிட மாட்டாங்க. பொறுங்க."

மறுபடி போன். அதே பெண். "கிளம்பிட்டீங்களா? பேச்சு வர மாட்டேங்குதுங்க அவருக்கு. என்னைப் பாத்துக்கிட்டே இருக்காரு."

"கிளம்பிட்டோம்மா" என்றான் புயல். என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கம் வந்து அவர் பக்கக் கதவைத் திறந்து, மதிப்பீட்டாளரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். புயல் அவர் சட்டைப் பையைக் கிழித்துச் சாவியை எடுத்தான். அவர் திமிறவில்லை. அவ்வளவு மரியாதையான மனிதர். புயல் சாவியைத் திருகினான், இஞ்சின் உறுமியது, நான் வண்டியில் ஒரு காலை வைத்தேன்.

போன் அடித்தது.

போனில் யார் யாரோ அழுகிற சத்தம். பிறகு அந்தப் பெண், கடையில் சொன்ன சாமானை வேண்டாம் என்று சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: "இனிமே வர வேணாங்க."

புயல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். மதிப்பீட்டாளர் கிழிந்த பையைச் சரிசெய்துகொண்டு, ரொம்பப் பரிவாகச் சொன்னார்.

"பாத்தீங்களா? நாம கிளம்பியிருந்தா வீணாத்தானே போயிருக்கும்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டி இஞ்சினை அணைத்தார்.